பெண்ணைப் பூட்டுவதா, கயவனைப் பிடிப்பதா?

தகப்பன் மில்லில் ஷிப்டு. தாய் நடவு வயலில். வீட்டில் தனியாக இருக்கும் பெண் பிள்ளையின் கையில் ஒரு செல்போன். இன்று நம் தெருக்களில் பாதி வீடுகளின் நிலைமை இதுதான்.

இந்தப் போன் எப்படி வந்தது? 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பாடம் இனி போனில்தான் என்றார்கள். கடன் வாங்கியும் கம்மலை அடகு வைத்தும் வாங்கிக் கொடுத்தோம். பள்ளி திறந்த பிறகும் போன் வீட்டிலேயே தங்கிவிட்டது. பாடம் வந்த அதே வழியில், முகம் தெரியாத கயவனும் வருகிறான்!

அவன் வரும் விதத்தைக் கவனியுங்கள். வேறு யாருடைய படத்தையோ தன் படமாகப் போட்டுக்கொள்வான். பள்ளி மாணவன் என்பான், சில சமயம் பெண் என்றே சொல்லிக்கொள்வான். "சாப்பிட்டாயா?" என்று தினமும் கேட்பான். வேலைச் சுமையில் நாம் கேட்க மறந்த கேள்வி அது! பிறகு "நாம் பேசுவது வீட்டுக்குத் தெரிய வேண்டாம்" என்பான். பிறகு ஒரு படம் கேட்பான். படம் கைக்கு வந்ததும் குரல் மாறும். "சொன்னபடி கேள், இல்லாவிட்டால் உன் அப்பனுக்கு அனுப்புவேன்!"

தோழர்களே, இந்தக் கடைசி வார்த்தையை யோசித்துப் பாருங்கள். அவன் கையில் இருக்கும் தடி எது? படமா? இல்லை. நம்மைப் பற்றி நம் பிள்ளைக்கு இருக்கும் பயமே அந்தத் தடி. தெரிந்தால் அடிப்பார்கள், படிப்பை நிறுத்துவார்கள், எவனுக்காவது கட்டி வைப்பார்கள் என்று அவள் நடுங்குகிறாள். அந்த நடுக்கத்தை நம்பித்தான் அவன் தொழில் நடத்துகிறான்.

பொள்ளாச்சியை மறந்துவிட்டோமா? முகநூலில் பழகி, பெண்களை ஏமாற்றி அழைத்துப்போய், படமெடுத்து மிரட்டிய கூட்டம் அது. வெளியே சொன்னால் மானம் போகும் என்ற பயமே அந்தக் கூட்டத்துக்குக் காவல் நின்றது. 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி துணிந்து புகார் கொடுத்தார். அவருடைய பெயரை ரகசியமாகக் காக்க வேண்டிய போலீஸ் அதிகாரியே அதைப் பகிரங்கமாகச் சொன்னார்! அப்படியும் பாதிக்கப்பட்ட பெண்கள் பின்வாங்கவில்லை. சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை. 2025 மே 13ந் தேதி கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பளித்தது. பெண் வாய் திறந்தாள், கூட்டம் கம்பிக்குள் போயிற்று.

"போனே வேண்டாம், பிடுங்கிவிட்டால் தீர்ந்தது" என்று சிலர் சொல்கிறார்கள். பரீட்சை முடிவும், உதவித்தொகைச் செய்தியும், வேலை விவரமும் இன்று அதில்தானே வருகின்றன? நூல்மில் விடுதிகளில் பாதுகாப்பு என்ற பெயரில் பெண்களைப் பூட்டி வைத்ததை நாம் எதிர்த்தோம். அதே பூட்டை நம் வீட்டிலேயே மாட்டுவது என்ன நியாயம்? பதினெட்டு வயது நிறையாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது பாதுகாப்பே அல்ல, அதுவும் குற்றம்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது, தெரிந்துகொள்ள வேண்டும். 2012ம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி, குழந்தையை ஆபாச நோக்கத்துடன் போன் வழியே தொடர்வதும் படத்தைக் காட்டி மிரட்டுவதும் குற்றம். குழந்தையின் வீட்டிலேயே, சீருடை இல்லாமல் வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். இரவில் ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. பெயரை வெளியிடக் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் ஐந்து வருஷம் வரை சிறையும், பத்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இப்படிப்பட்ட படங்களைப் போனில் வைத்திருப்பதும் குற்றமாகும் என்று 2024 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கியது. "எங்கள் எல்லை இல்லை" என்று எந்த ஸ்டேஷனும் புகாரைத் தள்ளக் கூடாது.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? எது நடந்தாலும் உன்னை அடிக்க மாட்டோம், படிப்பை நிறுத்த மாட்டோம் என்று இன்றிரவே பிள்ளையிடம் சொல்லுங்கள். மிரட்டல் வந்தால் பணம் கொடுக்காதீர்கள். அவன் அனுப்பிய செய்திகளை அழிக்காதீர்கள், அவைதான் சாட்சியம். பிள்ளையின் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். 1098க்குப் போன் செய்யுங்கள். இணையக் குற்றத்துக்கு 1930 இருக்கிறது. ஸ்டேஷனுக்குத் தனியாகப் போக வேண்டாம். சங்கத் தோழரையோ மாதர் சங்கத்துப் பெண்களையோ கூட்டிச் செல்லுங்கள்.

கம்பெனிகளையும் விடக் கூடாது. குழந்தைகளுக்கு நேர்ந்த கொடுமைகளுக்காக, 2024 ஜனவரியில் அமெரிக்க செனட் விசாரணையில் முகநூல் முதலாளி மார்க் ஜுக்கர்பெர்க் பெற்றோர்களைப் பார்த்து வருத்தம் தெரிவித்தார். சிறுவர்களின் இன்ஸ்டாகிராம் கணக்குகளை முன்கூட்டியே மறைவாக வைக்கும் ஏற்பாட்டை அந்த ஆண்டு செப்டம்பரில்தான் விரிவாக்கினார்கள். அதுவரை பல கணக்குகளின் கதவைத் திறந்து போட்டிருந்தது யார் லாபத்துக்காக? சர்க்கார் இதைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டும். ஸ்டேஷனுக்கு வரும் பெண்ணை "நீ ஏன் பேசினாய்?" என்று கேட்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும்.

வெட்கப்பட வேண்டியவன் அவன். நம் பெண்கள் தலை நிமிர்ந்து பள்ளிக்குப் போகட்டும்!