பூட்டி வைத்த கணினி

பேரன் வகுப்புத் தலைவன் ஆகியிருக்கிறான். "தாத்தா, நல்ல தலைவனுக்கு என்ன வேணும்?" என்று கேட்டான். துணிச்சல், பேச்சுத் திறமை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பழைய கதை ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது.

நான் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆன புதிதில் பள்ளிக்கு இரண்டு கணினிகள் வந்தன. எனக்கு இயக்கத் தெரியாது. புதிதாகச் சேர்ந்த ஆசிரியைக்கு நன்றாகத் தெரியும். "நீங்க பார்த்துக்கோங்க டீச்சர்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'தலைமையாசிரியருக்கே தெரியலையே' என்பார்களோ என்று கூச்சம். "பிள்ளைங்க கெடுத்துடும்" என்று காரணம் சொல்லி அறையைப் பூட்டிவிட்டேன். அந்த ஆண்டு எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் கணினியைத் தொட்டுப் பார்க்காமலே போனார்கள். அவர்களுக்கு நான் இன்றும் கடன்பட்டவன்.

காமராஜரை நினைத்துப் பார்க்கிறேன். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். 1954இல் கட்சியின் சட்டமன்றத் தலைவர் பதவிக்கு அவரை எதிர்த்து நின்றவர் சி. சுப்பிரமணியம்; அவரை ஆதரித்தவர் பக்தவத்சலம். வென்ற காமராஜர் இருவரையும் அமைச்சர்களாக்கினார். கல்வியும் நிதியும் சி.எஸ். கையில். கல்வித் துறையை நடத்த நெ.து. சுந்தரவடிவேலு. 1956இல் மதிய உணவுத் திட்டம் விரிந்தபோது இவர்கள் எல்லோரின் உழைப்பும் அதில் இருந்தது.

படித்தவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள அவர் அஞ்சவில்லை. தான் யார், தன் பலம் எது, எதற்குப் பிறரை நம்ப வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் யாரும் அவரைச் சிறியவராகப் பார்க்கவில்லை.

தன்னை அறிவது என்றால் தன்னம்பிக்கை என்றே பலரும் நினைக்கிறோம். என் அனுபவத்தில், தன் குறையை அறிவதும் அதில் பாதி. குறையை மறைக்கிற தலைவன் திறமைசாலிகளை ஒதுக்குவான். ஒப்புக்கொள்கிறவன் அவர்களுக்கு இடம் கொடுப்பான். நஷ்டமும் லாபமும் கீழே இருப்பவர்களுக்குத்தான்.

பேரனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "உனக்கு எது வராதோ, அது வரும் பையனை முதலில் கண்டுபிடி" என்றேன். "எனக்கு ட்ராயிங் வராது தாத்தா" என்றான் உடனே. பரவாயில்லை, என்னைவிட நல்ல தலைவனாக வருவான்.

புதிதாகப் பொறுப்பேற்கும் தலைமையாசிரியர்களே, உங்கள் பள்ளியில் எந்த அறை பூட்டிக் கிடக்கிறது?