பாஸ்டருக்கு எந்த நாள் லீவு?

இரண்டு வருடங்களுக்கு முன்பு எங்கள் பாஸ்டர் ஊழியத்தை விட்டுப் போனார். அன்றைக்கு ஆராதனை முடிந்ததும் பின்வரிசையில் கேட்ட முதல் பேச்சு: "பின்மாற்றத்துல போயிட்டாரு." அடுத்தது: "ஜெபம் கொறஞ்சிருச்சுலா, அதான்." அந்த மனிதர் கடைசியாக நிம்மதியாகத் தூங்கியது எப்போது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு, அரசாங்க ஆபீஸ் உண்டு. கூலிம் ஹைடெக் பார்க்கில் வேலை செய்யும் என்னைப் போன்றவர்களுக்கு ஷிப்ட் அட்டவணைதான் காலண்டர். எல்லாருக்கும் வசதியாக இருக்கட்டும் என்று பாஸ்டர் வெள்ளி ஒரு ஆராதனை, ஞாயிறு ஒரு ஆராதனை நடத்தினார். சனிக்கிழமை வாலிபர் கூட்டம். நடுவில் ஆஸ்பத்திரி, சாவு வீடு, புருஷன் பெண்டாட்டி சண்டை.

தோட்டம் இருந்த காலத்தில் லயத்து வீடுகளை ஒரே சாயங்காலத்தில் நடந்தே பார்த்துவிடலாம் என்று பாட்டி சொல்வார். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாகி விற்கப்பட்டன. சனங்கள் சுங்கை பட்டாணி, பீடோங், லூனாஸ், பாடாங் செராய் என்று தாமான்களுக்குச் சிதறினார்கள். ஆடுகள் நாலு ஊரில். மேய்ப்பன் அதே ஒருத்தர். பெட்ரோலும் அவர் காசு.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தொழிலாளிக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு தருகிறது. 2023 ஜனவரி முதல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைந்தது. எங்கள் மிஷினைக்கூட நிறுத்திவைத்துத்தான் சர்வீஸ் செய்கிறோம். பாஸ்டர் என்று வந்தால் மட்டும், "ஊழியம் வேலையில்ல தம்பி, அழைப்பு." அழைப்பு பெற்றவருக்கு உடம்பு கிடையாதா?

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் இந்த மனச்சோர்வை வரையறுத்தது: சரியாகக் கையாளப்படாத நீண்டகால வேலை அழுத்தத்தின் விளைவு. அதாவது கோளாறைத் தேட வேண்டிய இடம் வேலை. நாமோ அவருடைய விசுவாசத்தைத் தோண்டுகிறோம்.

வேதத்தையாவது ஒழுங்காகப் படித்தோமா? எலியா சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்டபோது தேவதூதன் திட்டவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான். பாரம் தாங்காமல் மோசே, என்னைக் கொன்றுவிடும் என்று அழுதபோது அதைச் சுமக்க எழுபது மூப்பர்கள் கிடைத்தார்கள். எங்கள் பாஸ்டருக்குக் கிடைத்தது உபவாச ஜெபம்.

களைப்பு மட்டும் என்றால் லீவு போதும். அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. சபையில் ஒரு குழந்தைக்குப் புற்றுநோய். "சுகமாகும்னு சொல்லுங்க பாஸ்டர்" என்று நாம்தான் நெருக்கினோம். சொன்னார். குழந்தை இறந்தது. சில மாதம் கழித்து ரொட்டி சானாய்க் கடையில் என்னிடம், "ஜெபிச்சா செவுத்துல பேசுற மாதிரி இருக்கு தம்பி" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விசுவாசமா இருங்க பாஸ்டர்."

அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007இல் நூலாக வந்தன. ஏறக்குறைய ஐம்பது வருடம் கடவுளின் பிரசன்னத்தை உணராத இருளில் இருந்ததாக அவை காட்டின. 2016இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அவர் நம்ம சபையில் இருந்திருந்தால் கமிட்டி கூடி மாற்றியிருக்கும்.

இப்போது புதிய பாஸ்டர் வந்திருக்கிறார். என்னைவிட இளையவர். வாரத்தில் ஒரு நாள் போனை அணைத்து வைக்கட்டும். ஊழியர் சேமநிதி கட்டுங்கள். சபைக்கு வெளியே மனம் விட்டுப் பேச ஒரு ஆலோசகரை ஏற்பாடு செய்யுங்கள், செலவைக் காணிக்கையிலிருந்து கொடுங்கள். தனக்கே சந்தேகம் இருக்கிறது என்று அவர் பிரசங்க மேடையில் சொன்னால் எழுந்து போகாதீர்கள்.

போன சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு வாட்ஸாப் குரூப்பில் ஒருவர் போட்டார்: "பாஸ்டர், நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வீடு ஜெபம் பண்ண வர முடியுமா?" இரண்டு நிமிடத்தில் பதில் வந்துவிட்டது: "வரேன் பிரதர்."

வேண்டாம் என்று நாம் யாரும் எழுதவில்லை.