நட்சத்திர இரவு வேண்டாம், உபயம் போதும்



கும்பாபிஷேக நிதிக்கு ஒரு பெரிய கலை இரவு வைக்கலாம்னு நம்ம ஆலய வாட்ஸ்அப் குழுவுல ஒரு வாரமா பேச்சு ஓடுது. தமிழ்நாட்டுல இருந்து நடிகர், பாடகர் வரணும், சுங்கை பட்டாணியில மண்டபம் எடுக்கணும், டிவியில காட்டணும், டிக்கெட் வித்த காசுல கோபுர வேலையை முடிச்சிடலாம் என்பது யோசனை. நல்ல மனசோடதான் சொல்றாங்க. ஆனாலும் எனக்கு உடன்பாடு இல்லை. காரணத்தைச் சொல்றேன், பொறுமையா படிங்க.

கச்சேரி நடத்தி நிதி திரட்டுறதே தப்புன்னு நான் சொல்லல. 1971 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நியூயார்க்கில் பண்டிட் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் வங்காளதேச அகதிகளுக்காக ஒரே நாளில் இரண்டு காட்சி நடத்தினாங்க. கலைஞர்கள் சம்பளம் வாங்கல. டிக்கெட் வசூல் ஏறக்குறைய 2,43,000 டாலர் யுனிசெஃப்புக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனா இசைத்தட்டு, படம் மூலமா வந்த பெருந்தொகை அமெரிக்க வரி இலாகாவுல பல வருஷம் மாட்டிக்கிச்சு. முன்கூட்டியே அறப்பணின்னு முறையா பதிவு செய்யாததுதான் காரணம். பசிச்ச பிள்ளைக்குப் போக வேண்டிய காசு ஃபைலுக்குள்ள தூங்குச்சு. மனசு சுத்தமா இருந்தா மட்டும் போதாது, கணக்கு வழியும் சுத்தமா இருக்கணும்.

1985 ஜூலை 13-இல் எத்தியோப்பியா பஞ்சத்துக்காக லண்டனிலும் பிலடெல்ஃபியாவிலும் நடந்த லைவ் எய்ட் நிகழ்ச்சியை உலகம் முழுக்க டிவியில பார்த்தாங்க. எங்கேயோ தூரத்துல சாகிற ஜனங்களைக் கண்ணுக்குக் காட்ட டிவி தேவைப்பட்டது. நம்ம அம்மன் கோவிலைக் காட்ட எதுக்கு டிவி? தினமும் அந்த வழியாதானே வேலைக்குப் போறோம்!

நம்ம நாட்டுக் கதைக்கு வருவோம். 2002-இல் விஜயகாந்த் தலைவரா இருந்தப்போ, நடிகர் சங்கக் கடனை அடைக்க மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கலைநிகழ்ச்சி நடந்தது. 2018 ஜனவரி 6-ஆம் தேதி புக்கிட் ஜாலில் அரங்கத்தில் நட்சத்திர விழா. ரஜினி, கமல் எல்லாம் வந்தாங்க. சென்னை தியாகராய நகரில் சங்கக் கட்டடம் கட்டத்தான் அந்த நிதி. அப்புறம் சங்கத் தேர்தல் வழக்குல மாட்டி, 2019 ஜூனில் போட்ட ஓட்டை 2022 மார்ச்சில்தான் எண்ணினாங்க. கட்டட வேலையும் நின்னு போய், 2024-இல் மறுபடி நன்கொடை வாங்க வேண்டியதாச்சு. யார் மேலயும் குற்றம் சொல்லல. மேடை ஒரே ராத்திரியில முடிஞ்சிடும், கட்டடம் அப்படி இல்லைன்னுதான் சொல்றேன்.

2025 டிசம்பர் 27-இல் விஜய்யின் 'ஜன நாயகன்' பாடல் வெளியீடும் அதே புக்கிட் ஜாலில்லதான். அது படத்துக்கு விளம்பரம். வர்றவங்களுக்கும் அது தெரியும், ரசிச்சிட்டு வீட்டுக்குப் போவாங்க. சாமி பேரைச் சொல்லி டிக்கெட் விக்கும்போது நிலைமை வேற. பால்மரம் வெட்டிய கையால கொடுத்த காசு அது. அதுக்கு நாம பதில் சொல்லணும்.

செலவைக் கொஞ்சம் யோசிங்க. கலைஞர் சம்பளம், விமான டிக்கெட், ஹோட்டல், மேடை, ஒலி ஒளி, மண்டப வாடகை, வெளிநாட்டுக் கலைஞருக்கு புஸ்பால் அனுமதி. இதெல்லாம் முதல்ல போகும். மிச்சம் இருந்தாதான் சாமிக்கு. டிக்கெட் விக்கலன்னா கடன் ஆலயத்து தலையில. அதோட முன்வரிசை யாருக்கு? ஏதாவது ஒரு கட்சித் தலைவருக்கு மாலை போட்டு அரை மணி நேரம் பேச விடணும். அம்மன் நிதி வாங்க வந்த கூட்டம் ஓட்டு கேக்குற கூட்டமா மாறிடும்.

நம்மகிட்ட நல்ல வழி ஏற்கனவே இருக்கு. உபயம்னா உபயக்காரர் பேர் இருக்கு, ரசீது இருக்கு. ஆண்டுக்கூட்டத்துல கணக்கு வாசிக்கிறோம், 60 நாளுக்குள்ள ஆர்.ஓ.எஸ்.க்கு அறிக்கை அனுப்பணும். கூட்டத்துல எந்தப் பாட்டியும் எழுந்து "தம்பி, இந்த 200 வெள்ளி எதுக்குப் போச்சு?"ன்னு கேக்கலாம். நட்சத்திர இரவுல யாரை அப்படிக் கேப்பீங்க?

2022 ஜூலை 4-இல் குப்பாங் பக்கம் வெள்ளம் வந்து 3 உயிர் போச்சே, ஞாபகம் இருக்கா? சேறு அள்ளவும் சாப்பாடு கொடுக்கவும் ஜனங்க வந்தது எந்த நட்சத்திரத்தையும் பார்க்க இல்லையே.

அதனால என் யோசனை இதுதான். 300 குடும்பம் மாசம் 20 வெள்ளி கொடுத்தா ஒரு வருஷத்துல 72,000 வெள்ளி. முடியாதவங்க 5 வெள்ளி கொடுக்கட்டும், அதுவும் இல்லன்னா ஒரு நாள் உழைப்பு கொடுக்கட்டும். மாசாமாசம் வரவு செலவை மண்டபப் பலகையில ஒட்டுவோம். மேடை வேணும்னு இளைஞர்கள் ஆசைப்பட்டா, நம்ம பிள்ளைகள் தேவாரம் பாடட்டும், நம்ம பையன்கள் உறுமி மேளம் அடிக்கட்டும். நுழைவு இலவசம், உண்டியல் வாசல்ல.

வர்ற நிர்வாகக் கூட்டத்துல இதை முன்வைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தா செலவுக் கணக்கோட வாங்க, உட்கார்ந்து பேசுவோம்.

ஓம் சக்தி. 🙏