விரைவு வேறு, காலந்தவறாமை வேறு

கணினியின் பெருமையை அதன் விரைவு கொண்டே அளக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. விற்போர் அவ்வாறு அளப்பதில் வியப்பில்லை; அவர்க்கு அது வாணிகம். கற்றோரும் அதே முழக்கோலை ஏந்தி நிற்பதுதான் வருந்தத்தக்கது. மின்நிலையத்திலும் மருத்துவக் கருவியிலும் உட்பதிக்கப்பட்ட கணினிக்கு முதற்பண்பு விரைவன்று, காலந்தவறாமையே என்பது இக்கட்டுரையின் துணிபு.

நிகழ்நேரப் பணிசெயல் முறைமை எனப்படுவது யாது? குறித்த வேலையைக் குறித்த கால எல்லைக்குள் முடித்துத் தருவதாக உறுதிகூறும் முறைமையே அது. எல்லை கடந்து வரும் சரியான விடை அங்கே பிழையான விடையாகும். நூறு முறை ஒரு மில்லிசெக்கனில் விடையிறுத்து, நூற்றோராவது முறை அரைச் செக்கன் தாழ்த்தும் கணினியின் சராசரி அழகாகவே தோன்றும். ஆயின் விபத்து நேர்வது அந்த நூற்றோராவது முறையிலன்றோ! ஆதலின் நாம் வினவவேண்டியது சராசரியையன்று. மிக மோசமான தாமதத்தையே.

1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்பைண்டர் விண்கலத்தின் கணினி மீண்டும் மீண்டும் தன்னை மறுதொடக்கஞ் செய்துகொண்டது. விரைவின்மை அதற்குக் காரணமன்று. முன்னுரிமை குறைந்த பணியொன்று பொதுவளத்தைப் பற்றியிருக்க, முன்னுரிமை மிக்க பணி அதற்காகக் காத்துநின்றது. இடைத்தரப் பணிகள் புகுந்து அக்காத்திருப்பை நீட்டின. பொறியியலாளர் அம்முன்னுரிமை ஒழுங்கைப் புவியிலிருந்து திருத்திய பின்னரே குறை தீர்ந்தது.

செவ்வாய் தொலைவெனின், நுரைச்சோலை அண்மையிலேயே உள்ளது. புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் குடாநாட்டில் 300 மெகாவாட் வீதம் மூன்று பிறப்பாக்கிகள் அங்கு நிறுவப்பட்டுள்ளன. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தீண்டியதாகக் கூறப்பட்டது. நாடு முழுவதும் மின்சாரம் அற்றது. நுரைச்சோலைப் பொறிகளும் நின்றன. பலரும் குரங்கைச் சுட்டி நகைத்தனர். குரங்கோ ஒரு நிமித்தம் மட்டுமே. சூரிய மின்சாரத்தின் பங்கு மிகுந்து மின்வலையின் சடத்துவம் அன்று குறைந்திருந்தது என்ற இலங்கை மின்சார சபையின் விளக்கமே நம் சிந்தனைக்குரியது.

சடத்துவம் மின்வலைக்குக் கால அவகாசமாகும். பாரிய சுழலிகள் சுழலுகையில், பழுது நேரினும் 50 ஹேட்ஸ் மீடிறன் உடனே சரிவதில்லை. இரும்பின் திணிவு சில கணங்களை நமக்கு ஈகின்றது. கூரைச் சூரியத் தகடுகளும் இன்றைய காற்றாலைகளிற் பெரும்பாலானவையும் மின்னணு மாற்றிகள் வழியாக வலையில் இணைவன. அக்கொடையை அவை இயல்பாகத் தருவதில்லை. ஆகவே, கட்டுப்படுத்தும் கணினிக்கு வாய்க்கும் கால எல்லை சுருங்குகின்றது. இரும்பு தந்ததை இனி நிரல் தரவேண்டும்.

'அவ்வாறாயின் நிலக்கரியே போதும்' என்பார் உளர். அவர் அதன் தூசும் சாம்பலும் பற்றிக் கரையோர மக்கள் எழுப்பும் முறைப்பாட்டைச் செவிமடுப்பாராக. 'இன்னும் விரைவான கணினியை வாங்கினாற் போதாதா?' என்பார்க்கு லினக்ஸ் முறைமையின் வரலாறே விடை. அதன் கருவில் நிகழ்நேரத் திருத்தங்கள் முழுமைபெற ஏறத்தாழ 20 ஆண்டுகள் சென்றன. 2024இலேதான் அது நிறைவேறியது. அவ்விருபதாண்டுகளிற் கணினிகள் பன்மடங்கு விரைவுற்றன. விரைவே காலந்தவறாமையைத் தருமாயின் அவ்வுழைப்புக்குத் தேவையே இருந்திராது.

கலைப்பீட மாணவர்க்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இருளில் இருப்பவர் எப்பீடத்தவராயினும் இருளிலேதான் இருக்கின்றனர். காலமறிதலுக்குத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவரைப் பயில்வோர், விரைவையும் காலமறிதலையும் ஒன்றெனக் கொள்வது தகுமா? மின்வலைக்கும் மருத்துவமனைக்கும் கருவி வாங்குமிடத்துக் கேள்விப்பத்திரத்தில் மூன்று வினாக்கள் இடம்பெற வேண்டும். மிக மோசமான தாமதம் எவ்வளவு? எந்தச் சுமையின்கீழ் அது சோதிக்கப்பட்டது? எல்லை தவறின் பொறுப்பாளி யார்? இவற்றுக்கு விடை தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் முன் வைக்கப்படல் வேண்டும். அதுவரை, குரங்கின்மேற் பழிபோடும் உரிமை எவர்க்கும் இல்லை.