சுக்கான் சொல்லும் பாடம்

எங்கள் வல்லத்திராக்கோட்டையின் பெயரில் வல்லம் உண்டு. ஊரில் கடல் இல்லை. கண்மாய் கண்டு வளர்ந்த நான், தொண்டியை அடுத்த நம்புதாளையில் பாய்மரப் படகுப் போட்டி பார்த்தேன். எல்லோரும் பாயைப் பார்த்துக் கைதட்டினர். என் கண்ணோ படகின் பின்னே, வெளிப்புறம் மாட்டிய சுக்கானிலேயே நின்றது.

"கூடத் திருப்பினா ஓட்டம் செத்துப்போகும், தம்பி" என்றார் சுக்கான் பிடித்த பெரியவர்.

இயற்பியலும் அதையே சொல்கிறது. வேகம் இரு மடங்கானால், அதே கோணத்தில் நிற்கும் சுக்கானின் மீது நீரின் விசை ஏறத்தாழ நான்கு மடங்காகும். எனவே விரைந்தோடும் படகுக்குச் சிறு திருப்பமே போதும். மிஞ்சினால் சுக்கானே தடையாகும். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னை நேத்ரா குமணன் செலுத்திய லேசர் ரேடியல் படகிலும் சுக்கான் பின்புறம் வெளியில்தான், விதியும் இதுவேதான்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். 'படித்த பிள்ளை' என்று ஊர் சொல்கையில் நாணுகிறேன். அவர் கையால் அறிந்ததை நான் தேர்வுக்காக மனனம் செய்தவன்தானே!

நண்பர்களே, ஆண்டுக்கு ஒரு நாளேனும் நம் செய்முறை வகுப்பு கோட்டைப்பட்டினக் கரையில் நடக்கட்டும். அன்று மீனவரே ஆசான், நாம் மாணவர்.