கண்ணைக் காக்கும் கேள்விகளும் எமது பதில்களும்

ஒக்லாந்தின் வடமேற்கே, வெஸ்ட்கேட் பகுதியில் வாழும் எம்மவரான முதியவர் ஒருவர் அண்மையில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். சுவர் நாட்காட்டியின் எழுத்துக்கள் மீண்டும் தெளிவாகத் தெரிவதாக முதல் வாரத்தில் மகிழ்ந்தார். ஐந்தாவது வாரத்தில் அதே நாட்காட்டியின் கோடுகள் அவருக்கு வளைந்து தெரிந்தன. சத்திரசிகிச்சை பிழையாகிவிட்டது என எண்ணி, பிள்ளைகளுக்குக் கவலை கொடுக்க விரும்பாது இரு வாரங்கள் வாய்திறவாதிருந்தார். பரிசோதித்தபோது சத்திரசிகிச்சையில் குறையெதுவும் இருக்கவில்லை. விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்து வீங்கியிருந்தது.

இவ்வீக்கம் வைத்திய உலகுக்குப் புதிதன்று. அமெரிக்க வைத்தியர் ஏர்வின் 1953 இல் இதனை விவரித்தார். காஸ் என்பவர் 1966 இல் மேலும் விளக்கினார். சத்திரசிகிச்சையின்போது கண்ணுள் சுரக்கும் அழற்சிப் பொருட்கள் நுண்ணிய குருதிக் குழாய்களைக் கசியச் செய்கின்றன. அந்நீர், கூர்ந்து பார்ப்பதற்கு உதவும் மையப் பகுதியிலே தங்குகிறது. பெரும்பாலும் நான்கு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் இது தலைகாட்டும். உரிய காலத்தில் சொட்டு மருந்து கிடைத்தால் பெரும்பாலானோர் பார்வையை மீளப் பெறுவர்.

இது யாருக்கு வரக்கூடும் என்பதை ஓரளவு முற்கூட்டியே கணிக்கலாம் என்பதே நாம் இங்கு வலியுறுத்த விரும்புவது. பிரித்தானியாவில் 81,984 கண்களை ஆராய்ந்து 2016 இல் வெளியான ஆய்வொன்றில், ஆபத்துக் காரணி எதுவுமற்ற கண்களில் 1.17 சதவீதத்திலும், நீரிழிவுள்ளோரின் கண்களில் 4.04 சதவீதத்திலும் இவ்வீக்கம் காணப்பட்டது. முன்னர் ஏற்பட்ட கண் அழற்சி, விழித்திரைக் குருதிக்குழாய் அடைப்பு, சத்திரசிகிச்சையின்போது வில்லையின் உறை கிழிதல் என்பனவும் ஆபத்தைக் கூட்டுகின்றன. ஒக்லாந்துப் பல்கலைக்கழகக் கண்மருத்துவத் துறையினர், சத்திரசிகிச்சைச் சிக்கல்களை முன்கூட்டியே புள்ளியிட்டுக் கணித்து, கடினமான கண்களை அனுபவம் மிக்கவர்களிடம் ஒப்படைக்கும் முறையொன்றை வகுத்துள்ளனர்.

ஆயினும், எந்தக் கணிப்பும் நோயாளி கூறும் வரலாற்றிலும் தங்கியுள்ளது. நாம் குறிப்பிட்ட முதியவரிடம், முன்பு கண்ணில் நோய் ஏதும் இருந்ததா என வைத்தியர் கேட்டார். உடனிருந்த மகன், தந்தையிடம் கேட்காமலே 'இல்லை' என்றார். மகன் பிறப்பதற்கு முன்னர், யாழ்ப்பாணத்தில் தந்தை கண் அழற்சிக்காகப் பல வாரங்கள் மருந்திட்டிருந்தார். கேள்வி அவரைச் சென்றடையவேயில்லை.

மகனைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. வேலைக்கு விடுப்பெடுத்துப் பெற்றோரை அழைத்துச் செல்லும் பிள்ளைகள் எமது சமூகத்தின் பெரும்பேறு. ஆனால், பிள்ளைகள் முன்னிலையில் சொல்ல முடியாதவையும் எம்மிடம் உண்டு. தடுப்புக்காவலில் முகத்தில் வாங்கிய அடியை எந்தத் தந்தை மகளின் வாயால் வைத்தியருக்குச் சொல்வார்? அவ்வடி கண்வில்லையைத் தாங்கும் நார்களைத் தளர்த்தியிருக்கலாம், சத்திரசிகிச்சையைச் சிக்கலாக்கலாம். சலரோகத்தையும் 'கொஞ்சம் சீனி' என்று சிறிதாக்கிச் சொல்வது எம்மவர் வழக்கமாகிவிட்டது.

நியூசிலாந்தில் 1996 முதல் நடைமுறையிலுள்ள நோயாளர் உரிமைக் கோவையின் ஐந்தாவது உரிமை, தேவையானவிடத்து, இயன்றவரை, தகுதிவாய்ந்த மொழிபெயர்ப்பாளரைப் பெற வழிசெய்கிறது. பொது வைத்தியசாலைகளில் இதற்குக் கட்டணமில்லை. அகதி விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளோருக்கும் பொது மருத்துவ சேவை உரியது. இதைக் கேட்பது நன்றிகெட்ட செயலென எண்ணிக் கூச்சப்பட வேண்டியதில்லை. சந்திப்புக்கான கடிதம் வந்தவுடனேயே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென அறிவித்துவிடலாம். மகனும் மகளும் அருகிலிருக்கட்டும், பேசவேண்டியவர் கண்ணுக்குரியவரே.

தமிழகத்திலோ இலங்கையிலோ சத்திரசிகிச்சை செய்துகொண்டு சில வாரங்களில் விமானமேறும் பெற்றோருக்கும் ஒன்று சொல்வோம். வீக்கம் தோன்றக்கூடிய காலத்தில் நீங்கள் அவ்வைத்தியரை விட்டு வெகுதூரம் வந்திருப்பீர்கள். எனவே சத்திரசிகிச்சைக் குறிப்பைக் கையோடு எடுத்து வாருங்கள். தெளிவாகத் தெரிகிறதென்று சொட்டு மருந்தை இடையில் நிறுத்தாதீர்கள். மூன்று மாதங்கள் வரை ஒவ்வொரு கண்ணாக மூடி நாட்காட்டியைப் பாருங்கள்; கோடு வளைந்தாலோ எழுத்து மங்கினாலோ அன்றே தெரிவியுங்கள்.

நாட்டையும் வீட்டையும் இழந்து வந்த எமது முதியோர், பேரப்பிள்ளைகளின் முகத்தைக் காணும் பார்வையையும் சொல்லப்படாத ஒரு பதிலால் இழக்கக்கூடாது. அடுத்த முறை வைத்தியர் கேட்கும்போது நாம் சற்று மௌனமாயிருந்து, அவர்களைப் பேசவிடுவோம்.