அட்டையில் சப்டைட்டில், திரையில் கட்டம் கட்டம்

புதுசாக டிவியோ, டிவிடி பிளேயரோ, மீடியா பெட்டியோ வாங்கப் போகிறவர்கள் அதன் அட்டையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். யுஎஸ்பி, எம்பி4, எம்கேவி, சப்டைட்டில் என்று வரிசையாக டிக் அடித்திருப்பார்கள். அந்தக் கடைசி டிக் அரைப் பொய். ஆங்கிலத்துக்கு உண்மை, தமிழுக்குப் பல பெட்டிகளில் பொய். எந்தெந்த மொழிக்கு என்ற விவரத்தை மட்டும் அட்டையில் தேடித் தேடிக் கண்தான் பூத்துப் போகும்.

மஜீத் மஜீதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997) படத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு ஜோடி ஷூவை அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடும் பார்ஸி மொழிப் படம். கல்லூரிப் பிள்ளைகள் ஆங்கில சப்டைட்டிலை வைத்துச் சமாளித்துவிடுவார்கள். அதே வீட்டில் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த அம்மாவும் பாட்டியும் என்ன செய்வார்கள்? பிள்ளையே ராத்திரி உட்கார்ந்து வசனத்தை எல்லாம் தமிழில் எழுதி, பென் டிரைவில் போட்டு, டிவியில் செருகுகிறான் என்று வையுங்கள். படம் ஓடும், பாட்டி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்காருவார், கீழே வரிசையாகக் காலிக் கட்டங்கள் வரும்.

இத்தனைக்கும் சப்டைட்டில் கோப்பு என்பது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. எஸ்ஆர்டி கோப்பை நோட்பேடில் திறந்தால் ஒரு எண், எத்தனையாவது நொடியில் தொடங்கி எத்தனையாவது நொடியில் முடியும் என்று ஒரு வரி, அப்புறம் வசனம், அப்புறம் ஒரு காலி வரி. அவ்வளவுதான். இரண்டு மணி நேரப் படத்துக்கு ஆங்கிலத்தில் பெரும்பாலும் 100 கேபிக்குள் அடங்கிவிடும். தமிழ் எழுத்து ஒவ்வொரு குறிக்கும் யுடிஎஃப்-8ல் 3 பைட் பிடிக்கும் என்பதால் அதைவிடக் கூடும், அதுவும் ஒரு போட்டோ அளவுக்கு வராது. 4கே வீடியோவை அனாயாசமாக ஓட்டுகிற பெட்டிக்கு இந்தத் தம்மாத்தூண்டு கோப்பில் என்ன சிக்கல்?

வருகிற கோளாறைப் பார்த்தே குற்றவாளி யார் என்று சொல்லிவிடலாம். சப்டைட்டிலே வரவில்லை என்றால் முதலில் பெயரைப் பாருங்கள். பல பெட்டிகளுக்கு வீடியோவின் பெயரும் சப்டைட்டிலின் பெயரும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கவேண்டும். ஒரு இடைவெளி மாறினாலும் போச்சு. கேள்விக்குறிகளாக வந்தால் தப்பு பெட்டியுடையது அல்ல. தமிழை 'ஆன்ஸி' என்ற வகையில் சேமித்துவிட்டார்கள், எழுத்தெல்லாம் அப்போதே செத்துவிட்டது, மீட்கவே முடியாது. விண்டோஸ் நோட்பேட் வெகுகாலம் அப்படித்தான் தானாகச் சேமித்துக்கொண்டிருந்தது. 2019-ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பில்தான் யுடிஎஃப்-8க்கு மாறியது. எத்தனை பேருடைய உழைப்பு அதில் கேள்விக்குறி ஆனதோ!

தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'வும், வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட வியாபாரக் குறியும் மாறி மாறி வருகிறதா? கோப்பு ஒழுங்காக இருக்கிறது, பெட்டிதான் அதை ஐரோப்பிய எழுத்து என்று நினைத்துப் படிக்கிறது. கட்டம் கட்டமாக வந்தால், பெட்டி சரியாகத்தான் படித்திருக்கிறது, காட்டுவதற்குத் தமிழ் எழுத்துரு உள்ளே இல்லை. கடைசி வகைதான் ரொம்பக் கொடுமை. எழுத்துரு இருக்கும், எழுத்துகளைக் கோக்கத் தெரியாது. 'பெண்' என்ற சொல்லில் ப முன்னால் வந்துவிடும், அதன் கொம்பு போய் ண்-க்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும். யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும், திரையில் முன்னால் வரையவேண்டும். அதைச் செய்ய ஒரு நிரல் வேண்டும். அது இல்லாத பெட்டியில் தமிழ் தெரியும், ஆனால் படித்தால் தலை சுற்றும்.

கேள்விக்குறியை விடுங்கள். மற்ற மூன்றுக்கும் பழி பெட்டி செய்தவர்கள் மேல்தான். இது புதுத் தொழில்நுட்பம், கொஞ்சம் பொறுங்கள் என்று ஜல்லியடிக்கவும் முடியாது. தமிழ் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991-ல், இருக்கிறது. யுடிஎஃப்-8 பிறந்தது 1992-ல்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1996-ல் ஜப்பானில் அறிமுகமான டிவிடியில் இந்தப் பிரச்சினையே கிடையாது. அதில் சப்டைட்டில் எழுத்தாக இல்லை, படமாக இருக்கிறது. ஒரு வட்டில் 32 தடங்கள் வரை வைக்கலாம். பிளேயர் மொழியே அறியாமல் அந்தப் படத்தை வீடியோ மேல் ஒட்டிவிடும். தமிழோ, சீனமோ, எகிப்தியச் சித்திர எழுத்தோ, அதற்கு எல்லாம் ஒன்றுதான். படமாக இருந்தவரை தமிழ் பிழைத்தது, எழுத்தாக மாறியதும் மாட்டிக்கொண்டது.

தமிழுக்கு எல்லாம் யார் கேட்கிறார்கள், தேவை இருந்தால்தானே செய்வார்கள் என்று நம்மூர் ஆட்களே சில பேர் வக்காலத்து வாங்குவார்கள். அவர்கள் பெட்டியின் சப்டைட்டில் அமைப்புக்குள் போய் மொழிப் பட்டியலைப் பார்க்கவேண்டும். மேற்கு ஐரோப்பா, மத்திய ஐரோப்பா, சிரிலிக், கிரேக்கம், துருக்கி, ஹீப்ரு, அரபி என்று ஓடும். கிரீஸ் நாட்டு மக்கள்தொகை ஒரு கோடிக்குச் சற்று மேல். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 6 கோடியே 90 லட்சம். கிரேக்கம் எளிது, எழுத்தை வரிசையாக அடுக்கினால் போதும், தமிழ் சிக்கல் என்று அடுத்த சாக்கு வரும். அரபி? அது வலமிருந்து இடம் போகும், ஒவ்வொரு எழுத்தும் பக்கத்து எழுத்தைப் பார்த்து உருவம் மாறும். தமிழைவிடக் கஷ்டமான அதைச் செய்யத் தெரிந்தவர்களுக்குக் கொம்பை இடம் மாற்றி வைக்கத் தெரியாதா?

செலவு என்று சொன்னால் சிரிப்புத்தான் வரும். எழுத்தைக் கோக்கும் வேலைக்கு ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரல் இலவசமாகவே இருக்கிறது. ஆண்ட்ராய்டும் பயர்பாக்ஸும் அதைத்தான் வைத்திருக்கின்றன. (அந்தப் பெயரே பார்ஸிதான், திறந்த எழுத்து என்று பொருள்!) லோஹித் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் என்று எழுத்துருக்களும் இலவசம். சில நூறு கேபி இடம் போதும். கணினியில் வி.எல்.சி. இதையெல்லாம் பைசா வாங்காமல் செய்கிறது. பல்லாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு டிவி செய்ய மறுக்கிறது.

எஸ்ஆர்டி எல்லாம் திருட்டுப் படம் பார்க்கிறவனுக்குத்தான் என்று இன்னொரு கோஷ்டி. சொந்தமாக எடுத்த குறும்படத்தை வீட்டு டிவியில் போடுகிறவரும், விரிவுரை வீடியோவுக்குத் தமிழ் வரி சேர்க்கிற ஆசிரியரும் திருடர்களா? காது கேளாதவர்கள் தமிழ்ப் படத்துக்கே தமிழ் சப்டைட்டில் தேடுகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் கேட்கும் திறன் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். அவர்கள் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைச் சைகை மொழியோடோ சப்டைட்டிலோடோ பார்க்க வழி செய்யவேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 29-ம் பிரிவு அரசுக்குச் சொல்கிறது. நிகழ்ச்சியோடு நின்றுவிட்டால் எப்படி? எழுத்தைக் காட்டவேண்டிய பெட்டி கட்டத்தைக் காட்டினால் என்ன பிரயோஜனம்?

பி.காம். படிக்கிறவர்கள் 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தை உருப்போட்டிருப்பார்கள். விவரம் சொல்லி விற்றால் சரக்கு அந்த விவரப்படி இருக்கவேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறான விளம்பரம் என்ற கணக்கில் சேர்க்கிறது. தமிழ்நாட்டுக் கடையில், தமிழ்நாட்டு வீட்டுக்கு விற்கிற பெட்டியில் 'சப்டைட்டில் உண்டு' என்று மட்டும் அச்சடித்துவிட்டு, தமிழ் வராது என்பதை விழுங்குவதற்கு என்ன பெயர்? சப்டைட்டில் என்றுதான் சொன்னோம், தமிழ் என்று சொன்னோமா என்று கம்பெனி வக்கீல் கேட்பார். கேட்கட்டும். அட்டையில் நாலு மொழிப் பெயர் அச்சடிக்க எத்தனை சொட்டு மை செலவாகும் என்று அவரிடம் திருப்பிக் கேட்க ஆள் வேண்டும்.

அதுவரை மாட்டிக்கொண்டவர்கள் செய்கிற வேலையைப் பாருங்கள். ஹேண்ட்பிரேக் மாதிரி மென்பொருளில் வசனத்தை வீடியோ மேலேயே நிரந்தரமாகப் பதிக்கிறார்கள். சில நூறு கேபி எழுத்துக்காக முழுப் படத்தையும் மறுபடி என்கோட் செய்யவேண்டும். பழைய கணினி என்றால் ராத்திரி முழுக்க உறுமும். பதித்த பிறகு வசனத்தை அணைக்கவும் முடியாது. இல்லாவிட்டால் லேப்டாப்பை எச்டிஎம்ஐ கம்பியில் மாட்டி, டிவியை வெறும் கண்ணாடியாக மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

இனி வாங்கப் போகிறவர்கள் ஒன்று செய்யலாம். ஒரு சின்ன வீடியோ, அதே பெயரில் ஒரு எஸ்ஆர்டி. உள்ளே 'பெண் கொக்கைக் கேட்டாள், பௌர்ணமி எப்போது' என்று ஒரே ஒரு வரி. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரம், ஒகாரம், ஔகாரம் எல்லாம் அதில் வந்துவிடும். யுடிஎஃப்-8ல் சேமித்து, பென் டிரைவோடு ஷோரூமுக்குப் போங்கள். காசு கட்டுவதற்கு முன்னால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கொக்கு கட்டமாக வந்தால் பென் டிரைவை உருவிக்கொண்டு, அந்த வரி ஏன் வரவில்லை என்று அங்கேயே நாலு பேர் காதில் விழும்படி கேட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.